பிரேமாவின் வேங்கை வாசக்கால்

கவரைப்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் எடைமேடை இருக்கிறது. அதன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பிரேமா உட்கார ஆரம்பித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிப்போகும் லாரிகள் வந்து மேடையில் ஏறும். பிரேமா எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பாள். கேட்பதற்கு நோகாத வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஜன்னலில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு மனுஷர்கள்மேல் நம்பிக்கை மிச்சமிருந்தால்தான் ஆச்சரியம். சுமை வண்டியை நிறுக்கும்போது கிளீனர் தார்ப்பாய்க்குள் மூச்சுவிடாமல் படுத்திருப்பான். அதே வண்டி காலியாகித் திரும்பினால் பின்சக்கரம் அரை அடி மேடைக்கு வெளியே நிற்கும். டிரம்மில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு வந்து, எடை போட்டதும் சாலையோரம் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லாரும் 'அக்கா, அக்கா' என்று சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள். அதனால் யாராவது சிரித்தால் பிரேமா முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பாள்.

இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் ஊற்றிய பாலை விரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் அதைத் தராசில் தூக்கிக் காட்டாமல் படியிறங்க முடியாது. கல்யாணமான புதிதில் கணேசன் ஓவர்டைம் என்று தாமதமாக வந்தால் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பாள். இரும்புத் தூள் வாசனை வந்தால்தான் சோறு. கணேசன் ஒரு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். தலைக்கு மேலே பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கிப் பழகிய நிதானம் அவருக்கு வீட்டிலும் உண்டு. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் கை கழுவப் போய்விடுவார்.

அந்தக் கணேசனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தது. கூட வேலை செய்கிற ஒருவர் வேங்கை மரக் குவளை ஒன்று வாங்கிக் கொடுத்தார். ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் நல்லது என்று பல ஊர்களில் வழக்கம். காலையில் பார்த்தால் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி சிவந்திருந்தது. சாயம் போட்டு விற்கிறார்கள் என்று பிரேமா சந்தேகப்பட்டாள். பத்து நாள் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஊற வைத்தாள். நிறம் குறையவில்லை. பதினோராம் நாள் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெயிலில் தூக்கிப் பார்த்தபோது அதன் ஓரத்தில் நீலமாக ஒரு ஒளி அடித்தது. மயில் கழுத்து நீலம். எந்தக் கடைச் சாயத்திலும் அந்த வித்தை கிடையாது என்று அவளுக்கே தெரிந்தது. சர்க்கரை அதனால் குறையும் என்று அவள் நம்பவில்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த மரத்தை நம்பினாள். அவள் முழுசாக நம்பியது வாழ்க்கையில் அது ஒன்றைத்தான் என்று கணேசன் பிற்பாடு கேலி செய்வார்.

வேப்பம்பட்டில் அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. எத்தனையோ வருஷம் கருவேலம் முளைத்துக் கிடந்த மனையில் போன வருஷம் வீடு எழும்ப ஆரம்பித்தது. கவரைப்பேட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு வேப்பம்பட்டில் வீடு கட்டுவது பிரேமா மாதிரியான ஆளுக்குப் பெரிய தண்டனை. ரயிலில் போனால் சென்னைக்குள் போய் வேறு வண்டி மாறி வரவேண்டும். ஸ்கூட்டரில் போனாலும் ஒன்றரை மணி நேரம். அவள் பார்க்காத நேரமெல்லாம் அங்கே யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போவதாகவே தோன்றும். வேலை நடுவில் கொத்தனார் மேஸ்திரிக்கு வீடியோ கால் போட்டுச் சிமெண்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்வாள்.

வாசக்கால் எந்த மரத்தில் என்ற பேச்சு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. வேங்கைதான். கணேசனுக்கும் சம்மதம். அந்தக் காலத்தில் வண்டி நுகத்தடிக்கும் உலக்கைக்கும் வேங்கையைத்தான் தேடுவார்கள், கறையான் கிட்டே வராது என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

செங்குன்றம் போகிற சாலையில் சிராஜ் பாயின் மர டிப்போ இருந்தது. பழவேற்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக வியாபாரம். பிரேமா போன அன்று அவர் பத்துத் தடி காட்டினார். அவள் பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தாள். ஒவ்வொரு தடியிலும் ஒரு சிராய் கிள்ளி, தண்ணீரில் போட்டு, அரைமணி நேரம் கழித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து வேங்கை என்ற பேரில் விலைபோகிற மரம் அதில் இரண்டு இருந்தது. இரண்டும் நீலம் காட்டவில்லை. வேறு வியாபாரியாக இருந்தால் கோபம் வந்திருக்கும். பாய்க்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷத்தில் இந்தப் பரீட்சை வைத்த முதல் பொம்பளை நீங்கதான் என்று டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்ததால் பிரேமா டீயை மெதுவாகக் குடித்தாள்.

நீலம் நன்றாகக் காட்டிய தடியை அறுத்தவர் ஆதிகேசவன். அந்த டிப்போவில் ரம்பத்தைக் கையாளுகிறவர் அவர்தான், ஐம்பது வயசு தாண்டியவர். பலகை பிளந்து விழும்போது உள்ளே ஒரு இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுஞ்சிவப்பாகப் பிசின் உறைந்திருந்ததைத் தொட்டுக் காட்டினார். மரம் நிற்கும்போதே யாரோ கோடாலி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்தக் காயத்தில் வடிந்த பால் இது என்றார். சில ஊரில் கைக்குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க இந்தப் பாலைத்தான் காய்ச்சி எடுப்பார்களாம். பிரேமாவுக்கு அந்தக் கதை காதில் விழவில்லை. பிசின் இருந்த துண்டுக்கு ஒரு அடையாளம் கிடைத்தது, மற்றதுகளுக்கு எப்படி என்றுதான் அவள் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் துண்டுகள் டிப்போவிலிருந்து நேராக அவள் கண்ணெதிரே மனைக்குப் போகப்போவதில்லை. செவ்வாப்பேட்டையிலிருக்கிற தச்சர் தானியேலின் கொட்டகைக்குப் போய், அங்கே இழைத்து, மூலைகள் கோக்கப் பூட்டு வெட்டி, அதற்குப் பிறகுதான் வேப்பம்பட்டுக்கு வரும். தானியேலை ஏற்பாடு செய்தது பக்கத்து மனை நர்மதா. அதே லேஅவுட்டில் நர்மதா வீடு உட்பட இன்னும் மூன்று வீட்டுக்குத் தானியேல்தான் மர வேலை. அதிகம் பேசாத மனிதர், பேசினால் சிரிக்காத மனிதர். சிரிக்காதவரையும் பிரேமா நம்பவில்லை. இடையில் ஒரு ராத்திரியில் நல்ல வேங்கை போய் இரண்டாந்தர மரம் வந்து உட்கார்ந்தால் யார் கேட்பது?

மரத்தை ஏற்ற வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பன்னிரண்டரைக்குச் சிராஜ் பாயும் கூட இருந்தவர்களும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஆதிகேசவன் சோறு தின்றுவிட்டு ரம்பத்துக்குப் பின்னால் தலை சாய்த்தார். தானியேல் வண்டிக்காரரைப் பார்க்கச் சாலைக்குப் போனார். டிப்போவில் பிரேமாவும் அவளுடைய நான்கு வேங்கைத் துண்டுகளும் மட்டும் இருந்தன. இரண்டு நீளமான துண்டுகள் நிலைக்கால்கள், இரண்டு குட்டை மேலும் கீழும் போடுவதற்கு.

அப்போதுதான் அவள் பார்த்தாள். நீளமான இரண்டு துண்டுகளிலும், சாலையைப் பார்த்த முனையில், காவி தொட்டு விரலால் வைத்த ஒரு பொட்டு. குட்டைத் துண்டுகளில் இல்லை.

இந்த மாதிரிப் பொட்டு அவளுக்குப் புதிதில்லை. லாரியின் பின்பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு இருந்தால், இந்த வண்டியை ஆலை வாசலில் சோதிக்க வேண்டாம், ஆளைக் கவனித்தாயிற்று என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இங்கேயும் அதேதான் நடக்கிறது என்று தீர்மானித்தாள். மாற்ற வேண்டியது எந்தத் துண்டு என்று டிப்போக்காரர் தச்சருக்குச் சொல்கிறார், வேறென்ன? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கிறவள் தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள் என்பது எடைமேடையில் அவள் கற்ற பாடம். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பொட்டையும் தடம் தெரியாமல் துடைத்தாள்.

துடைத்ததோடு விடவில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு சிவப்பு நகப்பாலிஷ் பாட்டில் வைத்திருந்தாள். வாழ்நாளில் நகத்துக்குப் பூசியவளில்லை, இதற்காகவே கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கியது. நான்கு துண்டுக்கும், சுவரைப் பார்த்து மறைந்திருந்த மறுமுனையில், ஆளுக்கு ஒரு சொட்டு வைத்து ஊதிக் காயவைத்தாள். பாலிஷ் காய்ந்தபோது அவள் மனசு நிறைந்திருந்தது. பாய் தொழுகை முடிந்து வந்து, இன்னாம்மா சாப்ட்டீங்களா என்று விசாரித்தார். சாப்பிட்டேன் பாய் என்று அவளும் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், செவ்வாப்பேட்டைக் கொட்டகையில் போய் நின்றாள். துண்டுகளின் முனையைத்தான் முதலில் பார்த்தாள். நான்கு சொட்டும் அப்படியே இருந்தன. மரம் மாறவில்லை. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் தானியேல் ஒரு நிலைக்காலின் முனையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"டிப்போவுல காவிதான்மா வைப்பாங்க. இது பெயின்ட் மாதிரி பளபளன்னு கீது. இது அவங்க போட்ட குறிதானா?"

பிரேமா அவர் முகத்தையே பார்த்தாள். குறியைக் கண்டுபிடித்துவிட்டு, என் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"அவங்கதான் போட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

தானியேல் சரி என்று தலையாட்டிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார். குட்டைத் துண்டுகளுக்கு எதற்குக் குறி என்று தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று அவர் விளக்கவில்லை. மர வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் விளக்குவார்கள்? போகும்போது பிரேமா ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்: வாசக்காலுக்குக் கடைசிவரை ப்ரைமர் அடிக்கக் கூடாது. மரம் மரமாகவே தெரிய வேண்டும். வேங்கையை நனைய விட்டால் கறை விடும் என்று தானியேல் சொல்லிப் பார்த்தார். மூடி மறைக்கத்தான் ப்ரைமர் கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

வாசக்கால் வைக்கிற நாளில் மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானிய முடிச்சு போட்டு எல்லாம் முறையாகத்தான் நடந்தது. தானியேல் செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிலையைத் தூக்கி நிறுத்தினார். கணேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேமாவும் அன்று ஒரு மணி நேரம் யாரையும் சந்தேகப்படவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் அடித்து ஓய்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கணேசனோடு வந்து பார்த்தால், புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவரில் நிலையின் இரண்டு பக்கமும் மஞ்சளும் பழுப்புமாக வழிந்து கிடந்தது. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரி இருந்தது. பிரேமா விரலால் தொட்டுப் பார்த்தாள். மரத்தை மாற்றிவிட்டு மேலே சாயம் ஏற்றியிருக்கிறார்கள், மழையில் வெளுக்கிறது என்று நினைத்தாள். நான்கு பக்கமும் சுரண்டி நான்கு பாட்டிலில் போட்டுக் காம்பவுண்டு சுவர்மேல் வரிசையாக வெயிலில் வைத்தாள். நான்கும் நீலம் காட்டின. அப்படியும் அடங்கவில்லை. மேல்தோல் மட்டும் வேங்கையாக ஒட்டியிருந்தால்? சிராஜ் பாய்க்கு போன் போட்டு, உங்கள் மரமா இல்லையா என்று வந்து சொல்லுங்கள் என்றாள். தானியேலையும் வரச்சொன்னாள். பாய் தனக்குப் பதில் ஆதிகேசவனை மொபெட்டில் அனுப்பினார்.

ஆதிகேசவன் கறையைப் பார்த்ததும் கவலையே படவில்லை. நனைந்தால் வேங்கை இப்படித்தான் அழும், முதலிலேயே ப்ரைமர் அடித்திருக்க வேண்டும் என்றார். நிலையைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே, நிலையின் உச்சிக்குப் பக்கத்தில், அந்தப் பிசின் தழும்பு இருந்தது. கோடாலிக் காயம் மரத்தின் அடிவாரத்தில் பட்டது என்பது அறுத்தவருக்குத் தெரியும்.

"இன்னா தானியேலு, மரத்தைத் தலைகீழா நிக்க வச்சிக்கினு கீறியே."

அந்த வார்த்தை விழுந்ததும் அங்கே இருந்த எல்லார் கண்ணும் நிலைக்குப் போயிற்று. நர்மதாவும் அவள் வீட்டுக்காரரும் அப்போது சத்தம் கேட்டு வந்து நின்றிருந்தார்கள். மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியேதான் வாசலிலும் நிற்க வேண்டும், வேர்ப்பக்கம் கீழே, கிளைப்பக்கம் மேலே. அதை மாற்றி நிறுத்தினால் அந்தக் குடும்பம் தலைகீழாகப் போகும் என்பது அந்தப் பக்கத்தில் சாமி கும்பிடுகிறவர், தொழுகிறவர், ஜெபம் பண்ணுகிறவர் யாரும் மறுக்காத விஷயம். அறுத்த பிறகு எது அடி, எது நுனி என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் ரம்பக்காரர் நிலைக்காலின் அடிமுனையில் காவிப் பொட்டு வைப்பது. குட்டைத் துண்டுகள் படுத்துக்கிடக்கிறவை, அவற்றுக்குப் பொட்டு தேவையில்லை.

தானியேலின் முகம் சுண்டிப்போயிற்று. எந்த முனையிலும் காவி இல்லை, ஒரு முனையில் சிவப்புப் பெயின்ட்தான் இருந்தது, அதை அடி என்று நினைத்துத்தான் வைத்தேன் என்றார். இருபது வருஷமாக டிப்போவில் பெயின்ட் வாங்கியதே கிடையாது என்றார் ஆதிகேசவன். தன் விரலாலேயே காவி தொட்டு வைத்ததாகச் சத்தியம் செய்தார். ஒருவரையொருவர் அவர்கள் பார்த்த பார்வை நன்றாக இல்லை. பிறகு தானியேல் பிரேமா பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் உங்களக் கேட்டேன் இல்ல? சொல்லுங்கம்மா."

பிரேமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஈர முந்தானை, சுவர்ப்பக்கத்து முனை, ஒவ்வொன்றாக வந்து நின்றன. தன் வீட்டைத் தலைகீழாக நிறுத்தியது தானேதான். சொல்ல வாய் திறந்தாள். நர்மதா பார்த்துக்கொண்டிருந்தாள். கணேசன் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை லாரிக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவளுக்குத் தான் பிடிபடுவது எப்படி என்று தெரியவில்லை.

"எனக்கு மரத்தப் பத்தி இன்னா தெரியும்? என்னை எதுக்கு இதுல இழுக்கிறீங்க?" என்றாள்.

தானியேல் ரசமட்டத்தையும் சுத்தியலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரமே நர்மதா வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் நாசூக்காக நிறுத்திவிட்டார்கள். தானியேல் வேண்டுமென்றே செய்திருப்பான், யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுகூட லேஅவுட்டில் பேச்சு வந்தது. பிரேமாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். அவள் உம் கொட்டினாள். எடைமேடையில் உட்கார்ந்தால் டிரைவர்கள் சிரிக்கும்போது சக்கரத்தைப் பார்க்க மறந்துபோனாள். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தபின் வருகிற பயம் ஒரு மாதிரி, அதற்கு இன்னொருவர் அடிபடுகிறார் என்று தெரிந்து சும்மா இருக்கிறபோது வருகிற அருவருப்பு வேறு மாதிரி. இரண்டாவது அவளுக்குப் புதிது.

நான்காவது வாரம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த கணேசன் ஒரு சின்னப் பாட்டிலை அவள் முன்னால் வைத்தார். சிவப்பு நகப்பாலிஷ். ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போனபோது பெட்டியில் கிடைத்ததாம். கிடைத்து ஒரு மாசம் ஆகிறதாம். அத்தனை நாளும் கேட்கலாமா வேண்டாமா என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு மனிதர் என்னென்னவோ நினைத்துப் பேஜாராகியிருக்கிறார். நீ பூசி நான் பார்த்ததில்லையே, யாருக்காக வாங்கினாய் என்று அந்தச் சாது கேட்டார். பிரேமா சிரிக்கவா அழவா என்று தெரியாமல், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

கணேசன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நிம்மதிதான் முதலில் வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. அப்புறம், "அந்த ஆளு ஒரு மாசமா கொட்டாயில சும்மா குந்திக்கினு கீறாரு பிரேமா," என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் செவ்வாப்பேட்டைக்குப் போனாள். தானியேல் கொட்டகையில் ஒரு பழைய கட்டிலின் காலைச் சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. பிரேமா நின்றபடியே சொன்னாள். காவியைத் துடைத்தது, பாலிஷ் வைத்தது, பொய் சொன்னது, எல்லார் முன்னாலும் கைவிட்டது. சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். தானியேல் உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். லாரி டிரைவரை அவள் பார்க்கிற அதே பார்வை.

"இதுல உங்களுக்கு இன்னா வேணும்மா?"

ஒன்றும் வேண்டாம் என்றாள். அவர் நம்பவில்லை. நிலையை இலவசமாகத் திருப்பி வைக்கக் கேட்கிறீர்களா என்றார். இல்லை என்றாள். நான் போலீசுக்குப் போவேன் என்று பயந்து சமாதானத்துக்கு வந்தீர்களா, பாய்க்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா, டிப்போவை மாட்டிவிட என்னைச் சாட்சியாக்கப் பார்க்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவள் மாதிரி அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது. கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ரெகார்டரைப் போட்டு, கட்டிலின்மேல் அவளுக்கு எதிரே வைத்தார். பேர், ஊர், தேதியோடு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நடுவில் ஒரு தடவை ரயில் சத்தம் வந்ததால் நிறுத்தி, அந்த இடத்தை மறுபடியும் சொல்ல வைத்தார். அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்போம் என்று பிரேமாவுக்குத் தெரியும். அதுதான் சுட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் குரல் லேஅவுட் வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. சிராஜ் பாய்க்கும் போயிற்று. கேட்டுவிட்டு ஆதிகேசவன் ஒரு வேளை சாப்பிடவில்லை என்று பாய் போனில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நர்மதா வீட்டு வேலையும் இன்னொரு வீட்டு வேலையும் தானியேலுக்குத் திரும்பி வந்தன. மூன்றாவது வீட்டில் அதற்குள் வேறு ஆள் நிலை வைத்து முடித்துவிட்டான், அது போனது போனதுதான். பிரேமாவோடு யாரும் சண்டைக்கு வரவில்லை. தெருவில் அவள் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

வாசக்கால் அப்படியே தலைகீழாக நின்றது. இரண்டு தச்சர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குரூப்பில் வந்ததைக் கேட்டிருந்தவர்கள் வேறு வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் தானியேலே கணேசனுக்கு போன் செய்தார். மரம் அப்படி நிற்பது தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வந்து பிரித்துத் திருப்பி வைக்கிறேன், ஒரே ஒரு நிபந்தனை, வேலை முடிகிறவரை மனையில் நீங்களும் இருக்கக் கூடாது, அம்மாவும் இருக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணேசனுக்கு ஷிப்ட். பிரேமா மட்டும் வந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, வேப்பம்பட்டு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தாள். பத்து மணியிலிருந்து மூன்றரை வரை பிளாட்பாரத்தின் ஒரே பெஞ்சில் இருந்தாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆறேழு தடவை கால் துடித்தது. வீடியோ கால் போட விரல் போயிற்று. போடவில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்து போனதைத் தவிர அவள் அன்று எதையும் பார்க்கவில்லை. முடிந்தது, வாங்க என்று தானியேல் கூப்பிட்டார்.

நிலை நேராக, ரசமட்டம் பிடித்த மாதிரி நின்றது. காரை பூசிச் சுத்தமாகத் துடைத்திருந்தார். மேலிருந்து கீழ்வரை பட்டி வைத்து, தேய்த்து, வெளிர் ரோஸ் நிறத்தில் ப்ரைமர் அடித்திருந்தார். பிசின் தழும்பு எங்கே என்று தெரியவில்லை. எந்த முனை கீழே, எந்த முனை மேலே என்று இனி அவளால் சொல்ல முடியாது, ஆதிகேசவனாலும் முடியாது, அதை நிறுத்திய ஒருவரைத் தவிர யாராலும் முடியாது. சுரண்டிப் பார்த்தால் தெரியும். நகத்தால் ஒரு இடத்தில் கீறினால் போதும். பிரேமா கையைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேஸ்திரி, அடி கீழதானே கீது?"

தானியேல் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கீழதான்னு சொன்னா நம்புவீங்களாம்மா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கொஞ்ச நேரம் பதிலுக்காக நின்றும் பார்த்தார். பிரேமாவின் கண் அவளை மீறி நிலையின் அடிப்பக்கம் போய்விட்டு வந்தது. தானியேல் அதைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்து, தெருவில் இறங்கினார்.

நம்புறேன் என்று அவள் சொன்னபோது சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டிருந்தது.